மிதித்தும் ஓடாத வண்டி

கொக்கட்டிச்சோலை

அன்பு மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். மச்சாளும் பிள்ளைகளும் சுகம்தானே? சித்திரை வருசத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் எடுத்தபோதும் நான் ஒழுங்காகப் பேசவில்லை. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் டபுள் கேப் வண்டிதான் காரணம். கட்டையன் அரைகுறையாகச் சொல்லியிருப்பான். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

முதல் தடவை புல்லுமலைக்குப் போய்த் திரும்பும்போது, கரடியனாற்றுக்குக் கிட்ட. எக்சிலேற்றரை மிதித்தபடியே இருக்கிறேன், வேகம் குறைந்துகொண்டே வருகிறது. எஞ்சின் நிற்கவும் இல்லை, உதறவும் இல்லை. நான் காலை எடுத்துவிட்டது போல அமைதியாக ஓடுகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை மூடித் திறந்து ஸ்டார்ட் பண்ணினேன், பழையபடி இழுத்தது. மறுகா பத்து நாள் ஒன்றுமில்லை.

கராஜுக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளை. டீசல் பில்டர் மாற்றினார்கள், பிறகு பம்பில் இருக்கும் வால்வை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை நிம்மதி, பிறகு அதே கதை. கடைசியாகப் பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டிவிட்டு "எல்லாம் கிளியர்" என்றார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகவில்லை. வண்டியின் கம்பியூட்டரில் பதிந்திருந்த கோளாறுக் கோட் எல்லாம் அதோடு அழிந்துபோனது. இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டு, பம்பையே கழற்ற வேண்டும் என்றால் எப்படியடா சம்மதிப்பது?

அதற்குள் ஒரு இரவு அப்பாவுக்கு மூச்சு முட்டியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன், மண்முனைப் பாலத்தின் நடுவில் வண்டி அடங்கியது. பின்னால் மண் ஏற்றிய டிப்பர். நாம் பாதைப் படகுக்காகக் காய்ந்துகொண்டு நின்ற அதே துறை, மச்சான். 2014இல் பாலம் திறந்தபோது, இனி நோயாளியைக் கரையில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை என்று அம்மா சொன்னா. பாலம் இருந்தது, வண்டிதான் போகவில்லை. டிப்பர்காரன் ஹோர்ன் அடித்து விலகிப் போனான். சாவியைத் திருப்பினேன், பிடித்தது. அப்பா இப்போது நல்ல சுகம், உன்னைக் கேட்டார். எனக்குத்தான் அந்த அரை நிமிடம் இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் ஒரு கொப்பி வாங்கி, கோளாறு வரும் நேரமெல்லாம் குறித்தேன். பத்து மூடை நெல்லோடு வந்த நாளில் ஒன்றுமில்லை. வெறும் வண்டியாகக் கிரவல் றோட்டில் குலுங்கி வந்தால் வருகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் கூடுதலாக வருகிறது. டீசல் போதாமல் போனால் பாரத்தில்தானே திணற வேண்டும்? நீ போனில் "வயரைப் பார், வயரைப் பார்" என்று கத்தினாயே, அப்போது உனக்கு எல்லாமே வயர்தான் என்று நினைத்தேன். பெருமைப்பட்டுக்கொள், நீ சொன்னதுதான் சரி.

களுவாஞ்சிகுடியில் ஸ்கானர் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனேன். அடுத்த தடவை நின்றதும் எதையும் கழற்றாமல் நேரே வரச் சொன்னான். அப்படியே போனேன், பி2138 என்று கோட் வந்தது. உனக்குத் தெரிந்ததுதான்: பெடலில் இரண்டு சென்சர், இரண்டும் வெவ்வேறு வோல்ட் அனுப்பும், ஆனால் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். கணக்குப் பிசகினால் கம்பியூட்டர் இரண்டையும் நம்பாது, கால் பெடலில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். தம்பி என்னை மெதுவாக மிதிக்கச் சொல்லி வோல்ட்டைப் பார்த்தான். இரண்டும் ஒழுங்காக ஏறின. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே போகும் வயர்க்கட்டைப் பிடித்து ஆட்டினான். ஒன்று சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, மச்சான்.

டேப்பைப் பிரித்தால், எனக்கு முந்தின சொந்தக்காரர் அலாரம் பூட்டிய காலத்தில் யாரோ அந்த வயரை வெட்டி, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். நிற்கும் வண்டியில் அது தொட்டுக்கொண்டிருக்கும், குலுங்கினால் விடும். கராஜில் எப்படிப் பிடிபடும்? தம்பி களிம்பு பிடித்த துண்டை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து ஈயம் பற்றி, சூட்டுக்குச் சுருங்கும் குழாயும் போட்டுத் தந்தான். மூன்று கிழமையாக உன்னிச்சைப் பக்கம் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டேன், ஒரு தடவையும் வரவில்லை.

இப்போது நான் கேட்பது இதுதான். அதே அலாரத்துக்காக வெட்டிய இடம் இன்னும் நாலு அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. வேலை செய்யும் வரை கிளறாமல் விடவா, அல்லது மாரி தொடங்குமுன் எல்லாவற்றையும் திறந்து ஈயம் பற்றவா? தம்பி விடச் சொல்கிறான். எனக்கு அப்பாவை வைத்துக்கொண்டு அப்படி விட மனமில்லை. நீ ஐப்பசியில் வருவதாக மச்சாள் சொன்னா. வருவது உறுதியென்றால் அதுவரை வயர்க்கட்டில் கை வைக்க மாட்டேன், நாம் இரண்டு பேரும் இருந்து செய்வோம். உன் அந்தப் பழைய மீற்றரையும் கொண்டு வா.

உன்
தவம்