லாக்கின் 6-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் தாராளவாதத்துக்குக் கடவுளோ மெய்யியலோ தேவையில்லை, தனிமனித உரிமையே போதும் என்று தங்கள் நடுப்பக்கக் கட்டுரை சொன்னது. இன்று பலரும் அப்படிச் சொல்கிறார்கள்; சொல்லட்டும். ஆனால் அதற்கு 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கைச் சாட்சிக்கு அழைத்தது தவறு.

1689-இல் வெளிவந்த அவருடைய அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரையில், கட்டுரையாளர் 27-ஆம் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொந்தம் என்பது அங்கே இருக்கிறது. 6-ஆம் பிரிவு அதற்கு முன்பே வேறொன்றைச் சொல்லிவிடுகிறது: மனிதர் எல்லோரும் படைத்தவனின் கைவேலை, செய்தவனுக்கே பொருள் சொந்தம். அதனால் பிறர் உயிரையும் அழிக்கக் கூடாது, தன்னுயிரையும் மாய்த்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் முரண் அல்ல. சக மனிதருக்கு எதிரே நான் உரிமையாளன். படைத்தவனுக்கு முன் வெறும் குத்தகைக்காரன். குத்தகை நிலத்தை விற்க முடியுமா? அதனால்தான் 23-ஆம் பிரிவில், ஒருவர் தம்மையே அடிமையாக விற்றுக்கொண்டாலும் அது செல்லாது என்கிறார். தன்னிடம் இல்லாத அதிகாரத்தை மன்னருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வரம்பற்ற ஆட்சி அங்கேயே அடிபடுகிறது. (நியாயமான போரில் பிடிபட்டவரை அடிமையாக்கலாம் என்று அதே அத்தியாயத்தில் இடம் கொடுத்தாரே, அதை என்னால் ஏற்க முடியாது.)

இதில் கடவுளை எடுத்துவிட்டுச் சொத்துரிமையை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? என் பொருளை நான் விற்கலாம், என்னையும் விற்கலாம். அடிமை ஒப்பந்தத்தைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1785-இல், மனிதருக்கு விலை கிடையாது, மாண்பு உண்டு என்று எழுதியது இந்த இடத்துக்குத்தான் மிகவும் பொருந்துகிறது. அதுவும் மெய்யியல்தான்.

லாக் தம் அடித்தளத்துக்கு உண்மையாகவே இருந்தார். மதச் சகிப்புக்காக வாதாடிய கடிதத்திலேயே நாத்திகரை விலக்கினார். அவர்களுடைய ஆணையும் வாக்குறுதியும் அவர்களைக் கட்டாது என்பது காரணம். நம் அரசியலமைப்பு வேறு வழியில் போனது. முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்கக் கோரி அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் 1949 அக்டோபர் 17 அன்று 41-க்கு 68 என்ற வாக்குகளில் தோற்றது. பதவியேற்பு உறுதிமொழிகளைத் தரும் மூன்றாம் அட்டவணை, கடவுள் பெயரால் ஆணையிடவும் இடம் தருகிறது, 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்லவும் இடம் தருகிறது. அந்த 'உளமார' எதன் பலத்தில் ஒருவரைக் கட்டுகிறது என்பதைக் கட்டுரையாளர் அடுத்த கட்டுரையில் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி