நாடக மன்ற ஆண்டறிக்கை: வசனமே இல்லாத ஒரு தாய்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் அறிக்கையை வாசித்துவிட்டு நான் உட்காரப்போன நேரத்தில், பின்வரிசையிலிருந்து மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரி செயலாளரே, நாம நாடகம் போடுறதால யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். கிண்டலில்லை. நாற்பது ஆண்டுகளாக அரிதாரம் பூசியவர் அவர். "நாடகம் சமூகத்தின் கண்ணாடி ஐயா" என்று சொல்லிச் சமாளித்தேன். "கண்ணாடி முன்னாடி நின்னா தலையை வாரிக்கிட்டுப் போயிடுவோம், அவ்வளவுதானே?" என்றார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி ஆண்டு முழுக்க என்னை விடவில்லை. அதனால் இந்த அறிக்கை வழக்கமான நிகழ்ச்சிப் பட்டியலாக இராது. பட்டியல் வேண்டுவோருக்குப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சுருக்கமாகச் சொன்னால், செயற்குழு இரண்டு மாதம் நீங்கலாக எல்லா மாதமும் கூடியது. மூன்று நாடகங்களை மேடையேற்றினோம், ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினோம், வாசிப்பு வட்டம் விட்டுவிட்டு நடந்தது. இரண்டாவது நாடகத்தில் முன்திரை பாதியில் சிக்கிக்கொண்டதையும், அரசர் குனிந்து வெளியே வந்ததையும் எல்லோரும் அறிவீர்கள். கயிறு மாற்றியாகிவிட்டது.

மார்ச் 27 உலக நாடக தினம். சர்வதேச நாடக நிறுவனம் 1961இல் முன்னெடுத்து, 1962 முதல் கொண்டாடப்பட்டு வரும் நாள். வழக்கமாக அன்று அந்த நிறுவனம் வெளியிடும் செய்தியை யாராவது வாசிப்பார்கள், கேட்டுவிட்டுக் கலைவோம். இம்முறை விடுதலைப் போராட்டக் கால நாடக நடிகர் விசுவநாத தாஸைப் பற்றிப் பேசினோம். முருகன் வேடத்தில் நின்றபடி விடுதலைப் பாட்டைப் பாடிவிடுவார், அதற்காகப் பலமுறை சிறை சென்றவர். அவருடைய சாதியைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்த நடிகைகளும் அன்று இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. புராணக் கதை பார்க்க வந்த கூட்டத்துக்கு நடப்பு அரசியல் கிடைத்தது. நாடகத்தின் பயனைக் கேட்பவருக்கு இதைச் சொன்னால் போதும் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: நாம் விசுவநாத தாஸ் இல்லையே! ஓய்வு நாளில் ஒத்திகை பார்க்கும் அமெச்சூர்கள் நாம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றினாரே, அந்த வழி வந்தவர்கள். நம்மால் யாருக்கு என்ன பயன்?

முதல் மேடையேற்றம் குடிப்பழக்கத்துக்கு எதிரான விழிப்புணர்வு நாடகம். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிக் கொடுத்தோம். கடைசிக் காட்சியில் குடிகாரன் திருந்தினான். கைதட்டினார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். திரும்பும்போது வேனில், குடிகாரனாக நடித்த நம் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, ஒருத்தர்கூட என்னைப் பார்த்து பயப்படல. பாவம்னும் நினைக்கல. நான் திருந்திடுவேன்னு முதல் சீன்லயே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு." துன்பியல் நாடகம் பார்ப்பவரிடம் எழுப்ப வேண்டியவை அச்சமும் இரக்கமும் என்று அரிஸ்டாட்டில் சொன்ன இரண்டையும் படிக்காமலே பிடித்துவிட்டார். விழிப்புணர்வு நாடகங்களை நான் குறை சொல்வதாக நண்பர்கள் சிலர் வருத்தப்படலாம். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த நாடகம் வேடம் போட்ட சுவரொட்டிதான் என்பது என் கருத்து. செயற்குழுவின் கருத்து அல்ல.

இரண்டாவதாக, சரித்திர நாடகம். அரங்கம் நிறைந்தது. திரை விஷயம் முன்பே சொல்லிவிட்டேன்.

மூன்றாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் மன்ற அரங்கு முறையில் ஒரு சிறிய நாடகம் செய்தோம். பெயரில் மன்றம் இருப்பதால் நம் மன்றம் கண்டுபிடித்தது என்று யாரும் எண்ண வேண்டாம். கதை இதுதான்: படுத்த படுக்கையான தாய், அவளை யார் வைத்துக்கொள்வது என்று பேசும் மூன்று பிள்ளைகள். பேச்சு சண்டையாகி, முடிவில் தாயின் பை வாசலுக்கு வருகிறது. இருபது நிமிடம். முடிந்ததும் நெறியாளர் முன்னால் வந்து, "இதே நாடகத்தை மறுபடி நடிப்போம். எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று தோன்றுகிறதோ, அங்கே 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு நீங்களே வந்து நடிக்கலாம்" என்றார்.

முதலில் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். மூத்த மகனின் இடத்தில் நின்று பாசம், கடமை என்று அருமையாகப் பேசினார். நம் நடிகர்கள் விடுவார்களா? "சரிண்ணே, ராத்திரி மூணு மணிக்கு அம்மாவை யாரு எழுப்பி உட்கார வைப்பா? நீயா, அண்ணியா?" என்று தம்பி வேடத்தில் இருந்தவர் கேட்டார். மாணவர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டார்.

அடுத்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கையை உயர்த்தினார். கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதோடேயே மேடையேறினார். மகளாக நடிக்கப்போகிறார் என்று நினைத்தோம். நேராகக் கட்டிலுக்குப் போய், தாயாகப் படுத்திருந்த நம் உறுப்பினரின் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, அங்கே உட்கார்ந்தார். பிள்ளைகள் சண்டையைத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னை யாரும் கேக்கலையே" என்றார். "நான் எங்க இருக்கணும்னு நான் சொல்லக் கூடாதா?"

மூத்த மகனாக நடித்தவர் இருபது வருட அனுபவசாலி. எந்த இடத்தில் வசனம் விட்டாலும் எடுத்துக் கொடுப்பவர். அவரே பக்கத்திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பிராம்ப்ட் செய்ய ஒன்றுமில்லை. பிரதியில் தாய்க்கு ஒரு வரிகூட வசனம் கிடையாது. ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். எழுதியவர், இயக்கியவர், நடித்தவர்கள், குறிப்பெடுத்த நான், ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. முதியோரைப் புறக்கணிக்காதீர் என்று சொல்ல வந்த நாடகத்தில் முதியவளைப் பேசவிடாமல் படுக்க வைத்திருந்தோம்.

அன்று இரவு போவாலின் கதையை எடுத்துப் படித்தேன். 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டத்தில் அவர் வேலை செய்தபோது, நடிகர்கள் தன் யோசனையைச் சரியாக நடிக்கவில்லை என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடைசியில், "நீங்களே வந்து செய்து காட்டுங்கள்" என்று போவால் அவரை அழைத்தாராம். மன்ற அரங்கு பிறந்ததே அப்படித்தான். பின்னால் ரியோ டி ஜெனிரோவில் நகர்மன்ற உறுப்பினராகி, 1993 முதல் 1996 வரை இந்த முறையிலேயே மக்களிடம் யோசனை திரட்டினார். அதிலிருந்து 13 சட்டங்கள் வந்தன. நமக்குச் சட்டமெல்லாம் வேண்டாம், பிரதி திருந்தினாலே பெரிது.

இதில் துணைத்தலைவருக்கு உடன்பாடில்லை. வாசிப்பு வட்டத்தில் சொன்னார்: "நல்ல நாடகம்னா பார்க்கிறவன் மேடையேற வேண்டியதில்ல, உட்கார்ந்த இடத்திலேயே ஏறிடுவான்." சான்றுக்கு அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையைச் சொன்னார். 1957 நவம்பரில் சுமார் 1,400 கைதிகள் முன்னால் அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நடந்தது. அறிவாளிகளே புரியவில்லை என்று சொன்ன நாடகம். காத்திருப்பு என்றால் என்னவென்று கைதிகளுக்குத் தெரியாதா? ரிக் க்ளூச்சி என்ற ஆயுள் கைதியை அறையைவிட்டு வெளியே விடவில்லை. ஒலிபெருக்கியில் வந்ததைக் காதால் மட்டுமே கேட்டார். பிறகு சிறைக்குள்ளேயே நாடகக் குழு தொடங்கி, விடுதலையாகி, பெக்கெட்டின் இயக்கத்திலேயே நடித்தார். துணைத்தலைவர் இதைச் சொல்லி முடித்ததும் எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் பாதிப் பதில்தான் இருக்கிறது: க்ளூச்சியும் கடைசியில் மேடையேறியவர்தானே!

ஒரு மனக்குறையையும் பதிவு செய்தாக வேண்டும். மறுமேடையேற்றத்துக்கு அரங்கம் கேட்டபோது, ஓர் அரங்க நிர்வாகம் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்வையாளர் என்ன பேசுவார்னு இதுல எழுதலையே" என்று மறுத்துவிட்டது. 1876இல் வெள்ளையர் அரசு நாடகத்துக்கென்றே தனியாகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1642இல் லண்டன் நாடகசாலைகளை மூடிய நாடாளுமன்றம் 18 ஆண்டுகள் திறக்க விடவில்லை. அவற்றோடு ஒப்பிட்டால் நம்முடையது சின்ன விஷயம். ஆனாலும் அந்த நிர்வாகி ஒன்றைச் சரியாகவே புரிந்துகொண்டார்: எழுதாத வசனம்தான் வில்லங்கம். இப்போது வேறு இடம் கிடைத்திருக்கிறது.

பயிற்சிப் பட்டறைக்குப் பதினொரு பேர் வந்தார்கள், ஏழு பேர் தங்கினார்கள். நம் ஒப்பனைக் கலைஞர் இந்த ஆண்டு காலமானார். அவருடைய ஒப்பனைப் பெட்டியைக் குடும்பத்தார் மன்றத்துக்கே கொடுத்துவிட்டார்கள். திறந்தால் இன்னும் அவர் மேசையின் வாசனை.

கைப்பையோடு மேடையேறிய அந்த அம்மா மன்றத்தில் உறுப்பினராகிவிட்டார். இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார். இனி தாய் வேடம் அவருக்கு. கேள்வி கேட்ட மூத்த உறுப்பினர் மூத்த மகனாக நடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வயது பொருந்தாது என்று தலைவர் சொன்னார், அரிதாரம் எதற்கு இருக்கிறது என்று இவர் கேட்டார். ஒத்திகை ஞாயிறு காலை பத்து மணிக்கு. இரவல் வாங்கிய கட்டிலை உரியவர் திருப்பிக் கேட்கிறார். வீட்டில் உபரியாகக் கட்டில் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவண்,
செயலாளர்