விற்காத உணவுக்கு ஒரு விதி தாருங்கள்: உரிமப் பிரிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி மன்றங்களின் உரிமப் பிரிவு அதிகாரிகளுக்கும், சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம். கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் தேவாலய மண்டபங்களில் சமைத்து இலவசமாக வழங்கப்படும் உணவைப் பற்றி எழுதுகிறேன். உணவக உரிமம் இல்லை என்ற காரணத்தால் எங்கள் பங்குத் தேவாலய மண்டபத்தின் சனிக்கிழமை மதிய உணவு அண்மையில் நிறுத்தப்பட்டது. வந்த அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் சொன்னபடி உரிமம் கேட்டுப் போன இடத்தில் நிறுவனப் பதிவு எண், வியாபார வகை, பெயர்ப்பலகையின் நீள அகலம் ஆகியவற்றைக் கேட்டார்கள். நாங்கள் வியாபாரம் செய்யவில்லை, யாரிடமும் ஒரு காசும் வாங்குவதில்லை என்று சொன்னதும், அப்படியானால் இந்த விண்ணப்பப் பாரம் உங்களுக்கானது அல்ல என்றார்கள். எங்களுக்கான பாரம் எது என்று எழுதிக் கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

விதியே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பில் மணிக்கணக்காக இருந்தால் அதில் கிருமி பெருகும் என்பதும், அண்டா நிறைய வைத்த கோழிக்கறி மெல்ல ஆறும்போது கொதிநிலைக்குத் தப்பிய கிருமி வித்துகள் மீண்டும் உயிர் பெறும் என்பதும் எங்கள் சமையல் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் குழம்பின் சூடு 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் வெப்பமானி வைத்துப் பார்க்கிறோம். பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதுகிறோம். நான்கு மணி நேரம் கடந்ததைக் கொட்டிவிடுகிறோம். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகள் கேட்கும் பயிற்சியையும் டைபாய்டு ஊசியையும் குழுவிலுள்ள அக்காமார்கள் தங்கள் சொந்தப் பணத்தில் முடித்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையின் அளவைக் கேட்டவர்கள், சோறு எத்தனை மணிக்கு வடிக்கப்பட்டது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுப்பை அணைத்த பிறகு பிஸ்கட் பொட்டலமும் பெட்டிப் பானமும் கொடுக்கிறோம், ஏனென்றால் அவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றார்கள். அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வாரந்தோறும் வருவார். அவருக்குப் பல் இல்லை; இனிப்பு நீர் நோயும் உண்டு. குழைந்த சோற்றில் ரசம் விட்டு, கீரையைப் பிசைந்து அவர் சாப்பிட்டுவந்தார். போன சனிக்கிழமை பிஸ்கட்டைத் தேநீரில் ஊறவைத்து விரலால் வழித்து உண்டார், இனிப்புப் பானத்தைத் திறக்காமலே திருப்பித் தந்துவிட்டு, "அடுத்த வாரமாவது சோறு உண்டா, தங்கச்சி?" என்று கேட்டார். அவருடைய நலத்தைக் காப்பதற்கென்று எடுக்கப்பட்ட நடவடிக்கை அவர் தட்டில் வைத்தது இதைத்தான்.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததன்று. கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பகுதியில் 2 கிலோமீட்டர் சுற்று வட்டாரத்துக்குள் வீடற்றோருக்கு உணவு வழங்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதே உணவு தருவோரை அழைத்து உட்காரவைத்து, தருமச் சமையலுக்கென்று தெளிவான விதியை எழுதியிருக்கலாம். தேவாலயத்துக்கு மட்டுமா இந்தக் கவலை? கோயில் அன்னதானமும், பள்ளிவாசல் கஞ்சியும், சீக்கியர்களின் குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசமாகத் தரும் லங்கர் உணவும் இதே கேள்வியின் முன்தான் நிற்கின்றன.

இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், பிரிவு 107, உரிமமோ அனுமதியோ வழங்கவும், அதற்கான கட்டணத்தையும் நிபந்தனைகளையும் முடிவு செய்யவும் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பிரிட்டனில் தொடர்ந்து உணவு வழங்கும் தரும அமைப்புகள் 28 நாள்களுக்கு முன்னதாகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, எப்போதாவது சிறிய அளவில் சமைப்பவர்களுக்கு அந்தப் பதிவே தேவையில்லை. அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: விற்பனைக்கு அல்லாத உணவுக்குத் தனி அனுமதி தாருங்கள். அதில் சமையலறைச் சோதனை இருக்கட்டும், பயிற்சிச் சான்றிதழும் தடுப்பூசியும் கட்டாயமாக இருக்கட்டும், சூட்டையும் நேரத்தையும் குறிக்கும் பதிவேடு இருக்கட்டும். இல்லாத வியாபாரத்தின் பதிவு எண்ணை மட்டும் கேட்காதீர்கள். நிபந்தனைகளைத் தேசிய மொழியோடு தமிழிலும் அச்சிட்டுத் தந்தால், அண்டாவின் பக்கத்தில் நிற்கும் எங்கள் அம்மாமார்கள் தாங்களே படித்துப் பின்பற்றுவார்கள்.

அந்த அனுமதி உருவாகும்வரை, உங்கள் சுகாதார ஆய்வாளர் ஒருவர் எங்கள் சமையலறையைச் சோதித்து, தற்காலிகமாகச் சமைக்க எழுத்து வடிவில் இசைவு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்னறிவிப்பு இல்லாமல் எந்தச் சனிக்கிழமையும் வரலாம்; காலை ஆறு மணி முதல் மண்டபம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பங்குச் சமையல் குழு உறுப்பினர் ஒருவர்,
கோலாலம்பூர்