கீரை செழிப்பாக இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் வேளாண் பக்கத்தில் நுண்ணுயிர் உரங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடுதான் படித்தேன். 'நன்மை செய்யும் பாக்டீரியாவை இட்டால் மண்ணிலுள்ள கன உலோகங்கள் மறைந்துவிடும்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. காரீயமும் காட்மியமும் எங்கே போய் மறையும்? இலைதழையைப் போல் மக்குகிற பொருளா அவை? தனிமம் அழியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

கழிவு கலந்து ஓடும் கிருதுமால் நதித் தண்ணீரில் கீரையும் நெல்லும் போடுகிறவன் நான். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை ஏக்கருக்கு ஒரு கிலோ, தொழுவுரத்தில் கலந்து பல வருடமாக இடுகிறேன். வேர் நன்றாக இறங்குகிறது, பயிர் சோர்வதில்லை. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அது செய்வது என்ன? வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒன்றைச் சுரக்கிறது. உலோகத்தில் ஒரு பகுதி அதில் ஒட்டிக்கொள்கிறது. விஷம் தாக்கிய செடி எத்திலீன் என்ற வாயுவை அதிகம் சுரந்து தன் வேரையே முடக்கிக்கொள்ளும். அந்த எத்திலீன் உருவாவதற்கான பொருளைச் சில பாக்டீரியாக்கள் முன்கூட்டியே உடைத்துவிடுகின்றன. வேறு சில, குரோமியத்தின் கொடிய வடிவத்தை வீரியம் குறைந்த வடிவமாக மாற்றுகின்றன. இத்தனையும் பயிர் தாக்குப்பிடிக்கத்தான். உலோகம் அதே வயலில்தான் கிடக்கிறது. இன்னொன்று, சில பாக்டீரியாக்கள் சுரக்கும் அமிலம் உலோகத்தைக் கரைத்துச் செடிக்குள் ஏற்றியும் விடும். நிலத்தைச் சுத்தம் செய்ய வளர்க்கும் செடி என்றால் சரி, பிடுங்கி அப்புறப்படுத்திவிடலாம். வீட்டில் பிள்ளைகள் தின்னும் அரைக்கீரையை என்ன செய்வது? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முன்பு பயிர் வெளுத்துக் குன்றினால் தண்ணீரில் கோளாறு என்று சந்தேகமாவது வரும். இப்போது செழிப்பாக நிற்பதை நம்பிப் பறிக்கிறோம். மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் பார்ப்பது 12 விவரங்கள். துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு உண்டு. அதுவும் பயிருக்குப் போதுமா என்று பார்ப்பதற்கு. காரீயம், காட்மியம், குரோமியம் இல்லை. ஜப்பானில் ஜின்சு ஆற்றில் காட்மியம் கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறிந்த கதையைத் தாங்கள் அறிவீர்கள். அதற்குக் காரணம் காட்மியம்தான் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விளைச்சலுக்கு 'சாக்கடைக் கீரை' என்று தலைப்புப் போட்டீர்கள். சந்தையில் கீரைக்கட்டைக் கையில் எடுத்தவர்கள், எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். வாய்க்காலில் கழிவைத் திறந்துவிடுவது யார் என்று அந்தச் செய்தியில் ஒரு வரி இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் கருநீலமாக வந்தது. மடையை அடைத்த கையில், நகக்கண்ணில் ஏறிய சாயம் சோப்புப் போட்டும் போகவில்லை. படத்தோடு தங்களுக்கு எழுதினேன், வெளியிடவில்லை. பரவாயில்லை, இடம் இருந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அதே பத்திரிகை, பாக்டீரியா பாக்கெட் வாங்கிப் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்கே சொல்கிறது. கெடுத்தவனை ஒரு கேள்வி கேட்கவில்லையே, ஐயா. அந்தப் பாக்கெட்டாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? உயிருள்ள பொருளை வெயிலில், யூரியா மூட்டை மேல் போட்டு வைத்து விற்கிறார்கள். அதையும் யாரும் எழுதுவதில்லை.

அந்த வரிக்கு ஒரு திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் மண்ணிலும் கீரையிலும் காரீயம், காட்மியம் பரிசோதிக்க எங்கே மாதிரி கொடுக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதையும் விசாரித்துப் போடுங்கள். ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
கிருதுமால் பாசன விவசாயி,
மதுரை மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)