கடலை விட்டு வந்த எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர்,

நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. ஒரு கோடையை முழுதாகக் கடந்துவிட்டோம். இரண்டாவது கோடை வாசலில் நிற்கிறது. அது உள்ளே வருவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் நன்றி சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஒத்துழைக்காது, எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதனால் கடிதம்.

எனக்கு வயது 67, என் வீட்டுக்காரருக்கு 72. கல்யாணமான நாளிலிருந்து கடலோரத்திலேயே இருந்தவர்கள். மகனும் மருமகளும் வேலைக்காக இங்கே வந்து நிலைத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்போம். நாங்கள் வாங்கிப்போகும் உடைகள் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு சின்னதாகவே இருக்கும். மூன்றாவது தடவை அப்படி ஆனபோது அவர் பையை மூடிக்கொண்டே, “போதும், அங்கேயே போய்விடலாம்” என்றார்.

நான் முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பம், அதே எடைக் காய்ந்த மண்ணுக்கு ஆவதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். கடலுக்கு எட்டத்தில் உள்ள ஊர்களில் பகல் கொதிக்கும், விடியற்காலை குளிரும். கரும்பலகையில் எத்தனை தடவை இதற்குப் படம் போட்டிருப்பேன்! வீடு மாற்றும் நேரத்தில் அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பேரப்பிள்ளைகள் முகம்தான் தெரிந்தது.

எங்களுக்குத் தெரியாததை எங்களுக்கு முன்னால் கவனித்தவர்கள் நீங்கள். யாரிடமிருந்து தொடங்குவது?

பழைய ஊர்த் தச்சரிடமிருந்தே தொடங்குகிறேன். என் மாமியார் காலத்து மர அலமாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, “கடல்காற்றில் ஊறின மரம், அங்கே போனால் சுருங்கும். வெயில் விழும் சுவரோரம் வைக்காதீர்கள். கதவு ஆடினால் உடனே இறுக்கச் சொல்லாதீர்கள், ஒரு வருடம் அதைச் சும்மா விடுங்கள்” என்றார். விட்டோம். பக்கப் பலகையில் ஒரு மெல்லிய வெடிப்பு வந்ததோடு சரி. இருபது வருடமாக இரண்டு கையாலும் இழுத்துத் திறந்த கதவு இப்போது யாரும் தொடாமலே திறந்துகொள்கிறது. ராத்திரியில் சத்தம் கேட்டால் பயப்படுவதை நிறுத்திவிட்டோம்.

சாமான் ஏற்ற வந்த பையன்களில் ஒருவன், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, ஒரு பெட்டியைத் தூக்கியவன் நின்றுவிட்டான். “பாட்டி, மருந்துன்னு எழுதியிருக்கு. இதை ஏத்தவா?” ஏத்துப்பா என்றேன். “மூடின வண்டி பாட்டி, வெயில்ல உள்ள கை வைக்க முடியாது. கையோட எடுத்துட்டுப் போங்க” என்று என் மடியிலேயே வைத்தான். அன்றைக்குத்தான் மாத்திரை அட்டைகளில் உள்ள பொடி எழுத்தை முதல்முறையாகப் படித்தேன். முக்கால்வாசி அட்டைகளில் 25 டிகிரி, 30 டிகிரி என்று வரம்பு போட்டிருந்தது. அந்த வண்டி சொன்ன தேதிக்கு வரவும் இல்லை, இரண்டு நாள் தாமதம். போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. பெட்டி அதில் போயிருந்தால் அவர் இரண்டு நாளும் ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் இருந்திருப்பார்.

தம்பி, நீ எந்த ஊரில் எந்த வண்டியில் இருக்கிறாயோ தெரியாது. நன்றாக இரு.

மருந்துக் கடையில் நிற்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் விரிவாக நன்றி சொல்ல வேண்டும். வெயில் ஏறத் தொடங்கிய வாரம் அது. இவருக்குக் காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் தலை சுற்றியது. வயது, புது இடம், தூக்கக் குறைவு என்று நாங்களாகக் காரணம் சொல்லிக்கொண்டோம். தண்ணீர் குறைவோ என்று எனக்கு ஒரு முறை தோன்றியது, ஆனால் இவருக்கு வியர்க்கவே இல்லையே என்று விட்டுவிட்டேன். உண்மையில் வியர்த்திருக்கிறது. பழைய ஊரில் சட்டை நனைந்து ஒட்டும். இங்கே காற்று வறண்டது, வியர்வை கண்ணுக்குத் தெரியும் முன்பே காய்ந்துவிடுகிறது. வயதானால் தாகம் எடுப்பதும் மங்கிவிடும். அதற்கு மேல் இவர் சாப்பிடுவதில் ஒன்று நீர் பிரியவைக்கும் மாத்திரை.

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தார், இவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். “இந்த ஊருக்கு வந்து எவ்வளவு நாளாச்சு சார்?” என்று கேட்டார். சொன்னோம். “மாத்திரையைத் தருகிறேன். ஆனால் இன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நிற்க வைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்” என்றார். உட்கார்ந்து பார்த்தால் சரியாக இருந்த அளவு, எழுந்து நின்றதும் நன்றாகவே இறங்கியது. வெயிலில் ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும், உப்பும் தண்ணீரும் வியர்வையில் போய்விடும், அதனால் குளிர்ந்த ஊரில் பொருந்திய அதே அளவு மருந்து இங்கே அதிகமாகிவிடலாம் என்று டாக்டர் விளக்கினார். அளவைக் குறைத்தார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, கோடை முடிந்ததும் திரும்ப வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டார்.

அவருக்கு வேலை சுலபமாக இருந்ததற்குப் பழைய ஊர் டாக்டர்தான் காரணம். கிளம்பும்போது இரண்டு பக்கம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்: எந்த மருந்து, எந்த வருடத்திலிருந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை, எதை முயன்று ஏன் நிறுத்தினோம் என்று. மருந்துகளுக்குக் கம்பெனிப் பெயர் போடாமல் மூலப் பெயரைப் போட்டிருந்தார், வேறு ஊரில் வேறு பெயரில் கிடைக்கும் என்பதற்காக.

இனி மாடி வீட்டு அம்மா. கடலோரத்தில் மத்தியானம் ஜன்னலை விரியத் திறந்து வைப்போம், காற்று கடலிலிருந்து வரும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் திறந்து வைத்தேன். மூன்றாம் நாள் கீழே இறங்கி வந்தார். “வெயிலை உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சிருக்கீங்களே அம்மா” என்று சிரித்துவிட்டு, அவரே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். விடிவதற்கு முன் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும், எட்டு மணிக்குள் மூடித் திரை போட வேண்டும், வெளிக்காற்று ஆறிய பிறகுதான் மறுபடி திறக்க வேண்டும். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. 40 டிகிரியைத் தாண்டிய இரண்டு நாட்களில் நான் மின்விசிறியே கதி என்று அதற்குக் கீழே கிடந்தேன். அந்த வெப்பத்தில் விசிறி உடம்பை ஆற்றாது, சூடான காற்றை மேலே கொட்டும் என்று எங்களை எழுப்பித் தன் ஏசி அறைக்குக் கூட்டிப்போனார். உலக சுகாதார நிறுவனமும் 40 டிகிரிக்கு மேல் விசிறியை நம்பாதே என்றுதான் சொல்கிறது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் இருவரும் அசந்து தூங்கிவிட்டோம். ஆறரைக்குப் போன் அடித்தது. “ஜன்னல் திறக்கலையே, அதான்” என்றார். அத்தனை மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?” என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் என் நெற்றிக் காயத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். பழைய வீட்டில் குளியலறை இடது பக்கம். தூக்கக் கலக்கத்தில் இடது பக்கம் திரும்பிச் சுவரில் மோதியிருந்தேன். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் கணுக்கால் உயரத்தில் ஆள் நடந்தால் எரியும் சின்ன விளக்குகளைப் போட்டுக் கொடுத்தார். கைப்பிடிக் கம்பியை வைப்பதற்கு முன் என்னை உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு முறையும் மோதவில்லை.

முகவரி மாற்றத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்த கதை இங்கே வேண்டாம். அங்கே தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தவருக்கு மட்டும் நன்றி.

மருமகளுக்கு நன்றி சொல்வது கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் முதலில் கோபித்துக்கொண்டவள் நான். வந்த புதிதில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டில் இருப்போம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அத்தை, ஆபீஸ் விட்டு வந்ததும் பிள்ளைகளோடு எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆறரைக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்றாள். இரண்டு நாள் போகவே இல்லை. மகன் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தான். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். என் மாமியாரிடம் நான் இதே வார்த்தையைச் சொல்ல ஆசைப்பட்டேன், எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்கு வந்தது. ஆறரைக்குப் போனேன்.

சும்மா கிடைத்த அந்த மாலை நேரத்தில்தான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். நான் புவியியல் ஆசிரியை என்று தெரிந்ததும் நூலகர் தூசி படிந்த உலக உருண்டை ஒன்றை மேசைமேல் வைத்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியுமா என்றார். இந்த ஊரில் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடுகிறவர்கள் இப்போது பதினோரு பேர். இவருக்கு விடியற்காலை நடைக் கூட்டம் அமைந்தது. இவர் பின்தங்கினால் அவர்கள் ஏதோ அரசியல் பேச நிற்பதுபோல நின்றுகொள்வார்கள். இவருக்கு அது தெரியும். நீங்களும் தொடர்ந்து நடியுங்கள்.

கடைசியாகப் பேரப்பிள்ளைகள். ஆறு வயதுக்காரன் தாத்தா குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுகிறான், அரை டம்ளருக்கு அரைக் கோடு. பதினோரு வயதுக்காரி எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தாள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இரண்டு படம். தெருவின் எந்தப் பக்கம் நிழல் என்று பென்சிலால் தீட்டியிருந்தாள். “தாத்தா உட்காரும் கல்” மூன்று இடத்தில் குறித்திருந்தது. டீச்சர் புத்தி போகவில்லை, வடக்கு எங்கே, அளவுகோல் எங்கே என்று கேட்டேன். “நிழல் எங்கேன்னு இருக்கே பாட்டி” என்றாள். முப்பது வருடத்தில் இப்படி ஒரு படத்துக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

கடல் நினைவு வராமல் இல்லை. பழைய ஊர்ச் சிநேகிதி சில நாள் நாலு மணிக்குப் போன் செய்து, எதுவும் பேசாமல் போனை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பாள். அவளுக்கும் நன்றி.

எதிர்வீட்டுக்காரர்களே, உங்கள் ஏணி போன கோடையிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மேற்கு ஜன்னலுக்குத் திரை மாட்டியதும் தருவதாகச் சொல்லியிருந்தேன். திரை தைத்து வந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுவோம்.

அன்புடன்,
மூலை வீட்டுப் பாட்டியும் தாத்தாவும்