விழுந்த வாழைகளை விடாமல் எண்ணியவர்களுக்கு நன்றி

உதவிக்கு வந்த அனைவருக்கும் வணக்கம்.

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால்தான் எங்கள் ஊர் வாழைக்குத் தண்ணீர். சித்திரையில் இடிமழையோடு வந்த சூறைக்காற்று நேந்திரனையும் கதலியையும் சாய்த்துப் போட்டது. தார் முற்றி, வெட்டுக்கு நாள் பார்த்திருந்த மரங்களே அதிகம் விழுந்தன, தலைப்பாரம் அவற்றுக்குத்தான். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தும் நிற்கவில்லை. அந்த வேதனையை இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. சேதத்தை ஒழுங்காகக் கணக்கெடுக்கத் துணை நின்றவர்களுக்கான மடல் இது.

முதலில் மின்வாரிய ஊழியர்கள். கம்பி அறுந்து தோட்டங்களுக்குள் கிடந்தது. கொட்டும் மழையில் வந்து மின்சாரத்தைத் துண்டித்தார்கள். விடியும்வரை ஒருவரையும் வரப்பில் இறங்கவிடவில்லை. அன்று சிலர் அவர்களிடம் கோபப்பட்டார்கள். எங்கள் பிள்ளைகள் இன்று நலமாக இருப்பதற்கு அந்தக் கண்டிப்பே காரணம்.

கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை உதவி அலுவலரும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார்கள். 33 விழுக்காடாவது பயிர் சேதமாகியிருந்தால்தான் நிவாரணம் என்பது விதி. 2015க்கு முன் அது 50 விழுக்காடாக இருந்தது. இந்த வரம்பை ஒட்டி நிற்கும் தோட்டத்தில் நாலு வரிசை விடுபட்டாலும் ஒரு குடும்பமே பட்டியலை விட்டு வெளியே போய்விடும். நடுவில் ஒடிந்தவை, வேரோடு விழுந்தவை, சாய்ந்து நிற்பவை என்று அவர்கள் பிரித்துக் குறித்ததன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். சாய்ந்து நிற்கும் மரம் பிழைத்துக்கொள்ளும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வேர் அறுந்த மரத்தில் காய் பெருக்காது, சூம்பிப் போகும். அடிமண்ணை விலக்கி, அறுந்த வேரைக் காட்டிய பெரியப்பாவுக்கும், குனிந்து பார்த்துக் கணக்கில் சேர்த்த உதவி அலுவலருக்கும் நன்றி.

குத்தகைக்குப் பயிர் செய்பவர்களின் நிலைதான் மிகவும் மோசம். பட்டா ஒருவர் பேரில், கடன் இன்னொருவர் தலையில். உண்மையில் உழுதவர் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, சாகுபடி செய்தவர் பெயரையே அடங்கலில் (நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று பதியும் கிராமப் பதிவேட்டில்) எழுதினார் கிராம நிர்வாக அலுவலர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நில உரிமையாளர்களை இந்த ஊர் மறக்காது.

கணக்கெடுப்பு முடியும்வரை விழுந்த மரத்தில் அரிவாள் வைக்காமல் காத்திருந்த கூலிப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அவர்களுக்கு அந்த நாட்களில் கூலியும் இல்லை, நிவாரணப் பட்டியலில் இடமும் இல்லை. இது சரியல்ல என்று அதிகாரிகளிடமும் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம். தோட்டம் தோட்டமாகச் சென்று, இடமும் தேதியும் பதியும்படி செல்போனில் படம் எடுத்துக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சிப்ஸுக்கு ஆகும் பதத்தில் இருந்த தார்களை அடிமாட்டு விலைக்குக் கேட்காமல் வாங்கிச் சென்ற வியாபாரிகளுக்கும், கூரை பறந்த வீடுகளுக்குத் தார்ப்பாய் கொண்டுவந்த பக்கத்து ஊர் இளைஞர்களுக்கும் நன்றி.

பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர், மரங்கள் எந்தத் திசையில் விழுந்தன என்று தாளில் வரைந்து காட்டினார். ஓரிடத்திலிருந்து விசிறிபோல் வெளிப்பக்கமாகவே எல்லாம் சாய்ந்திருந்தன. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கி, தரையில் மோதி நாலா பக்கமும் பரவினால் இப்படித்தான் விழுமாம்; சுழல்காற்றென்றால் மரங்கள் முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்குமாம். ஒரு தோட்டம் தரைமட்டமாகவும் அடுத்தது அப்படியே நிற்பதும் எப்படி என்று சந்தேகப்பட்ட மேலதிகாரிக்கு அந்தத் தாளே பதில் சொன்னது.

சேதப் பட்டியல் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டப்பட்டுள்ளது. பெயர் விடுபட்டவர்கள் அடங்கல் நகல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு உடனே செல்லுங்கள். மறுநடவுக்குக் கன்று இல்லாதவர்கள் எங்களிடம் கேளுங்கள். காற்றுக்குத் தப்பிய தோட்டக்காரர்கள் பக்கக்கன்றுகளை விலையின்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
ஊர் வாழை விவசாயிகள் சார்பில் ஒருவர்
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்