மழைக்காலத்துல பிள்ளைங்கள வீட்டுக்குள்ள பூட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல கோடை லீவுக்கு பிள்ளைங்கள எங்கெங்க கூட்டிட்டுப் போகலாம்னு கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இயற்கையப் பாக்குறதுன்னாலே மே மாசம், லீவு, மலைன்னு ஏன் ஆகிப்போச்சு? எங்க தூத்துக்குடி பக்கம் மே மாசம்தான் பிள்ளைங்க வெளிய நிக்கவே முடியாத மாசம். குளமெல்லாம் நிறைஞ்சு, பூச்சி பொட்டு தவளைன்னு எல்லாம் வெளிய வர்ற ஐப்பசி கார்த்திகைலதான் நாம சளி பிடிச்சிரும்னு கதவச் சாத்திட்டு மொபைலக் கையில குடுக்கோம்.

நான் தொடக்கப்பள்ளில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, இந்த ஊர்ல வருஷம் முழுக்க பிள்ளைங்களுக்கு என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். முதல்ல பனையச் சொல்லணும். ஆவணி புரட்டாசில பழம் விழும், ஒரு பழத்துல மூணு கொட்டை வரைக்கும் இருக்கும். அதப் பொறுக்கிட்டு வந்து மணலக் குவிச்சுப் பாத்தி போட்டு நெருக்கமா அடுக்கி வச்சா, விதை மேலயே கெடக்கும், முளை மட்டும் நேரா மண்ணுக்குள்ள கீழ இறங்கும். செடின்னா மேல பாத்துதான முளைக்கும்னு நினைச்சிட்டு இருக்குற பிள்ளைக்கு இதக் காட்டிப் பாருங்க, கேள்வியா கேட்டுத் தள்ளிரும். நடுவுல ஒரு கொட்டைய வெட்டுனா உள்ள பஞ்சு மாதிரி வெள்ளையா தவுண் இருக்கும், அதத் திங்கலாம். தைப்பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கி அவிச்சிரலாம். பிள்ளைங்களே போட்டு பிள்ளைங்களே தோண்டித் திங்குற பாடம், செலவுன்னு ஒண்ணுமே கிடையாது, இத ஏன் எந்த ஸ்கூல்லயும் செய்ய மாட்டேங்காங்கன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

அடுத்து மழை. அடி தட்டையா, வாய் வரைக்கும் ஒரே அகலமா இருக்குற ஒரு கண்ணாடி டப்பாவ மொட்டமாடில மரம் செவுரு மறைக்காத இடத்துல வச்சிட்டு, தினம் காலைல 8.30 மணிக்கு ஸ்கேல வச்சு அளந்து எழுதச் சொல்லுங்க, வானிலை ஆபீஸ்லயும் அந்த நேரத்துக்குத்தான் மழைக்கணக்கு எடுக்காங்க. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா அது 1 லிட்டர் தண்ணி. அப்ப நம்ம வீட்டு மாடில நேத்து எத்தன குடம் விழுந்துச்சுன்னு அஞ்சாங்கிளாஸ் பிள்ளையே போட்டுச் சொல்லிரும், டிவில 40 மில்லிமீட்டர்னு சொல்றப்ப அதுக்கு அர்த்தமும் புரியும். மழை விட்டதும் தேங்குன தண்ணில தலைப்பிரட்டை, செம்மண் தரைல வெல்வெட் மாதிரி செகப்பா ஊர்ற பட்டுப்பூச்சி, ராத்திரி தவளைச் சத்தம், எல்லாம் தெருவுக்குள்ளயே இருக்கு. இடி மின்னல்ல வேண்டாம், ஓடுற தண்ணில இறக்கவே கூடாது, குளத்தங்கரைக்குப் பெரியவங்க கூடப் போகணும். அதுக்கு மேல நனைஞ்சா துவட்டிக்கலாம்.

மார்கழி தைல குளத்துக்கு நாரை, கூழைக்கடா, வாத்துன்னு வந்து இறங்கும். ஜனவரில தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கு, காலேஜ் பிள்ளைங்க நிறைய போறாங்க. பிப்ரவரில உலகம் முழுக்க நாலு நாள் பறவை எண்றாங்க, வீட்டு வாசல்ல 15 நிமிஷம் நின்னு காக்காவையும் மைனாவையும் எண்ணிப் பதிஞ்சாலே போதும். சென்னைல இருக்குற வாசகர்களுக்கு ஒண்ணு சொல்றேன், அங்க கடற்கரைல 1988ல இருந்து மாணவர்களே சேந்து கடல் ஆமை முட்டைகளப் பாதுகாக்குறாங்க, சீசன்ல ராத்திரி நடைக்கு பொதுமக்களும் கூடப் போகலாம்.

கோடைய ஒரேயடியா விடச் சொல்லல. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்திரணும், அவ்ளோதான். வேப்பம்பூ, புங்கந்தளிர், கொன்றை எல்லாம் பங்குனி சித்திரைலதான். ரோட்டோரம் எருக்கஞ்செடில கருப்பு மஞ்சள் வெள்ளைன்னு வளையம் போட்ட புழு இருந்தா தொடாம தினம் போய்ப் பாக்கச் சொல்லுங்க, அந்த விஷப்பாலத் தின்னுதான் அது பறவைங்க தின்ன விரும்பாத பட்டாம்பூச்சியா மாறுது. ஆடி பிறந்தா காத்து, பட்டம், வேப்பங்கொட்டை.

வெளிய விளையாடுனா படிப்பு போயிரும்னு சொல்ற பெத்தவங்களுக்கு ஒரு தகவல். தைவான்ல பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை ஏறிட்டே போகுதுன்னு 2010ல இருந்து தினம் 120 நிமிஷம் வெளி வெளிச்சத்துல இருக்கணும்னு ஸ்கூல்ல திட்டம் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் அங்க பார்வைக்குறைபாடு இறங்க ஆரம்பிச்சுது. நம்ம ஸ்கூல்கள்ல பி.டி பீரியடக் கூட கணக்கு டீச்சர் வாங்கிக்கிடுதாங்க. வாரத்துக்கு ஒரு பீரியட் மரத்தடிக்குன்னு ஒதுக்குனா எந்த போர்ஷனும் நின்னுறாது.

உங்ககிட்ட கேக்குறது இதுதான். கோடைக்கு மட்டும் சிறப்பிதழ் போடாம, மாசாமாசம் அரைப்பக்கம் ஒதுக்கி இந்த மாசம் நம்ம ஊர்கள்ல பிள்ளைங்க என்ன பாக்கலாம், என்ன விதைக்கலாம்னு போடுங்க, ஒவ்வொரு மாவட்டத்துல இருந்தும் வாசகர்களே எழுதுவாங்க. ஆவணி இதழுக்குப் பனங்கொட்டைப் பாத்தி போடுற முறைய நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்